டிஜிட்டல் பரிமாற்றப் புரோட்டோகால்களை கேம் தியரி கொண்டு அலசுவது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பேர் நெட்வொர்க் வழியாக எதையோ மாற்றிக்கொள்ள வேண்டும். கோப்பைத் திறக்கும் சாவிக்குப் பணம், ஒரு கையொப்பத்துக்கு இன்னொரு கையொப்பம், அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி, இப்படி ஏதோ ஒன்று. யாராவது ஒருவர் முதலில் கொடுத்தாக வேண்டும், கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். இந்தச் சிக்கலுக்காக எழுதப்பட்ட புரோட்டோகால்களை (யார் எப்போது எதை அனுப்ப வேண்டும் என்ற விதிகளை) கேம் தியரியை, அதாவது ஒருவர் முடிவு மற்றவர் பலனைப் பாதிக்கும் நிலைமைகளை ஆராயும் கணிதத்தை, வைத்து அலச நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இதற்குள் நுழைந்தபோது ரொம்பவே திணறினேன். குறியாக்கத் துறைக் கட்டுரைகள் சமநிலை (யாரும் தான் மட்டும் உத்தியை மாற்றி லாபம் பெற முடியாத நிலை) என்றால் என்னவென்று வாசகருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஓடுகின்றன. கேம் தியரிப் பாடநூல்களோ செய்தி தொலைந்து போவதைப் பற்றியும் கையொப்பத்தைப் பற்றியும் பேசுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று சொல்ல ஆளில்லை. அந்த வரிசைதான் கீழே இருக்கிறது.

1. எந்தக் கேள்வி என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு கேள்விகள் ஒன்று போலத் தோன்றும். முதலாவது: எதிராளி என்ன செய்தாலும் எனக்கு நஷ்டம் வராமல் இருக்குமா? இது நியாயமான பரிமாற்றம் பற்றிய கேள்வி. இரண்டாவது: எதிராளி ஏமாற்றினால் அவருக்கு லாபம் உண்டா? இது பகுத்தறிவான பரிமாற்றம் பற்றிய கேள்வி, கேம் தியரி நேரடியாகப் பதில் சொல்வது இதற்குத்தான். ஒரு புரோட்டோகால் இரண்டாவதில் தேறி முதலாவதில் தோற்கலாம், அதாவது ஏமாற்ற வழி இருக்கும், ஆனால் ஏமாற்றுபவருக்கே கட்டுப்படியாகாது.

முதல் கேள்வியோடு ஏன் நின்றுவிடக் கூடாது என்றால், அதற்கு ஒரு சுவர் இருக்கிறது. மூன்றாம் தரப்பு (நடுவர்) யாரும் இல்லாமல், குலுக்கல் (தற்செயலான தேர்வு) எதுவும் இல்லாத புரோட்டோகாலால் ஒப்பந்தக் கையொப்பங்களை நியாயமாக மாற்றிக்கொள்ள முடியாது என்று ஈவனும் யாக்கோபியும் 1980-லேயே காட்டிவிட்டார்கள். பொதுவான பரிமாற்றத்துக்கும் அதே முடிவை பாக்னியாவும் கார்ட்னரும் 1999-ல் நிறுவினார்கள். ஆகவே நடுவர் இல்லாத புரோட்டோகால் ஒன்றை எடுத்துக்கொண்டு "முழு நியாயம் உண்டா" என்று ஆட்ட மரம் (யார் எந்த இடத்தில் என்ன முடிவெடுக்கலாம் என்று காட்டும் கிளைப்படம்) வரைந்து தேடினால் அது வீண் உழைப்பு, பதில் ஏற்கனவே தெரியும்.

2. ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன்னால் இவை எழுத்தில் கையில் இருக்க வேண்டும்:

- செய்திப் பட்டியல்: யார், யாருக்கு, என்ன அனுப்புகிறார், அதில் எது கையொப்பமிடப்பட்டது, எது பூட்டப்பட்டது.
- சான்றுப் பட்டியல்: அனுப்பியதற்கான சான்று எந்தச் செய்திகள் சேர்ந்தால் உருவாகிறது, பெற்றதற்கான சான்று எப்போது உருவாகிறது.
- நடுவரின் விதிகள்: எந்தக் கோரிக்கை வந்தால் என்ன பதில், முதலில் "ரத்து" கேட்டவருக்கு ரத்து கொடுத்த பிறகு மற்றவர் "முடித்து வை" என்று வந்தால் என்ன செய்வார்.
- எல்லாக் காலக்கெடுக்களும், அவை யாருடைய கடிகாரப்படி என்பதும்.
- தொடர்புத் தடத்தைப் பற்றிய அனுமானம்.

கடைசியில் உள்ளதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தடம் மூன்று வகைப்படும். செய்தி தொலையலாம் என்பது ஒன்று. எப்போதாவது வந்தே தீரும், ஆனால் எவ்வளவு நேரம் என்று தெரியாது என்பது இன்னொன்று. குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்துவிடும் என்பது மூன்றாவது. ஒரே புரோட்டோகால் மூன்றாவது தடத்தில் உறுதியாக நிற்கும், முதலாவதில் பொலபொலவென்று உதிரும். மூலக் கட்டுரையில் இது அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கலாம், தேடி எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

3. கையிருப்பு அட்டவணை போடுங்கள்

இந்த வேலை முழுவதிலும் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் ஒரு வரிசை எழுதுங்கள்: அந்த நொடியில் விற்பவர் கையில் என்ன இருக்கிறது, வாங்குபவர் கையில் என்ன இருக்கிறது, இங்கேயே இருவரும் நின்றுவிட்டால் நடுவரிடம் யார் போய் என்ன வாங்க முடியும். "கையில்" என்றால் தனியாக, யாருடைய உதவியும் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது என்று பொருள். பூட்டிய கோப்பு வந்திருக்கிறது, சாவி வரவில்லை என்றால் கையில் எதுவும் இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

இந்த அட்டவணையைப் போட்ட உடனே ஆபத்தான இடம் எது என்று கண்ணில் பட்டுவிடும், ஏனென்றால் ஒருவர் பக்கம் நிரம்பி மற்றவர் பக்கம் காலியாக இருக்கும் வரிசை ஒன்றாவது இருக்கும். ஆட்டமே அந்த வரிசையில்தான் நடக்கிறது. இதைத் தவிர்த்துவிட்டு நேரே மென்பொருளில் மரத்தைத் தட்டச்சு செய்தால் வரும் விடை எதைச் சொல்கிறது என்று உங்களுக்கே விளங்காது.

4. பலன்களுக்கு எண் கொடுங்கள்

சின்ன எடுத்துக்காட்டோடு போவோம். ஒரு சாவி. வாங்குபவருக்கு அதன் மதிப்பு 10 அலகு, விலை 6. சாவியைக் கொடுத்துவிடுவதால் விற்பவருக்கு 3 இழப்பு. ஒழுங்காக முடிந்தால் விற்பவருக்கு 6 − 3 = 3, வாங்குபவருக்கு 10 − 6 = 4. எதுவும் நடக்காவிட்டால் இருவருக்கும் 0. வாங்குபவர் சாவியை வாங்கிக்கொண்டு பணம் தராமல் போனால் அவருக்கு 10, விற்பவருக்கு −3.

இப்போது பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். கடைசியில் முடிவெடுப்பவர் வாங்குபவர், அவருக்கு 4-ஐ விட 10 மேல், தர மாட்டார். அது தெரிந்த விற்பவர் சாவியை அனுப்பவே மாட்டார், ஏனென்றால் −3-ஐ விட 0 மேல். இருவருக்கும் லாபம் தரும் பரிமாற்றம் நடக்காமலே போகிறது. புரோட்டோகால் என்று ஒன்று எதற்குத் தேவைப்படுகிறது என்பது இந்த நாலு எண்களில் அடங்கிவிட்டது.

இங்கே ஒரு கண்ணி. நீங்கள் கொடுக்கும் எண்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. எதிராளிக்குக் கெடுதல் செய்வதிலேயே திருப்தி அடையும் ஒருவர் இந்த எண்களுக்குள் வர மாட்டார். அப்படிப்பட்டவரையும் சேர்க்க வேண்டும் என்றால் பலனைத் தனியாக எழுதி, மரத்தை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.

5. மரம் வரைதல், தகவல் கணங்கள்

ஒவ்வொரு முனையிலும் "அனுப்பு", "நிறுத்து" இரண்டையும் வையுங்கள். "தவறானதை அனுப்பு" என்பதும் ஒரு தேர்வுதான், ஆனால் பெறுபவரால் உடனே சரிபார்க்க முடிகிறது என்றால் அதை "நிறுத்து" என்பதோடு சேர்த்துவிடலாம், மரம் பாதியாகச் சுருங்கும். சரிபார்க்க முடியாது என்றால் சேர்க்கக் கூடாது.

நடுவர் ஆட்டக்காரர் இல்லை, விதிப்படி நடக்கும் இயந்திரம் மாதிரி அவரை எழுதுங்கள். தடத்தை "இயற்கை" என்ற ஆட்டக்காரராக வைத்து, செய்தி தொலைவதற்கு ஒரு நிகழ்தகவு கொடுங்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: செய்தி வரவில்லை என்றால், எதிராளி நிறுத்திவிட்டாரா, தடத்தில் தொலைந்ததா என்று காத்திருப்பவருக்குத் தெரியாது. அந்த இரண்டு முனைகளும் ஒரே தகவல் கணத்துக்குள் (ஆட்டக்காரரால் பிரித்தறிய முடியாத முனைகளின் தொகுப்புக்குள்) இருக்க வேண்டும். தனித்தனியாக விட்டுவிட்டால் ஆட்டக்காரருக்கு இல்லாத ஞானத்தைக் கொடுத்துவிடுவீர்கள், புரோட்டோகால் உண்மையில் இருப்பதை விட நல்லதாகத் தெரியும்.

குறியாக்கத்தை உடைப்பதை ஒரு தேர்வாக மரத்தில் வைக்காதீர்கள். பூட்டை உடைக்க முடியாது என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், அனுமானமாக எழுதியும் வையுங்கள்.

6. நடுவரைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

தகராறு வந்தால் மட்டும் நடுவரிடம் போகும் புரோட்டோகால்களை அசோகன், ஷுன்டர், வைட்னர் 1997-ல் முன்வைத்தார்கள். நம் எடுத்துக்காட்டில் அதைப் பொருத்துவோம். வாங்குபவர் முதலில் கையொப்பமிட்ட உறுதிமொழி தருகிறார், விற்பவர் சாவியை அனுப்புகிறார், பணம் வராவிட்டால் விற்பவர் உறுதிமொழியோடு நடுவரிடம் போய் 6-ஐ வசூலிக்கிறார். நடுவரின் கட்டணம் 1, கட்டுவது விற்பவர்.

பணம் வராத நிலையில் விற்பவர் நடுவரிடம் போனால் 6 − 3 − 1 = 2, போகாவிட்டால் −3. போவார். அப்படியானால் வாங்குபவருக்கு? தானாகக் கொடுத்தாலும் 4, வசூலித்தாலும் 4. சமம்! அவர் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம். கட்டுரைகளில் இந்த இடத்தில் "பகுத்தறிவுள்ளவர் பணம் தருவார்" என்று ஒரு வரி இருக்கும், அதை அப்படியே நம்பாதீர்கள். கட்டணத்தை வாங்குபவர் தலையில் போட்டால் அவருக்கு 3 ஆகிவிடும், அப்போதுதான் தானாகக் கொடுப்பது உண்மையிலேயே மேலானது.

கட்டணம் 4, அதுவும் விற்பவர் கட்டுவது என்று மாற்றிப் பாருங்கள். பணம் வராவிட்டால் அவர் நடுவரிடம் போவார், ஏனென்றால் −1 என்பது −3-ஐ விட மேல். ஆனால் இரண்டும் சமமாக இருக்கும் அந்த இடத்தில் வாங்குபவர் பணம் தராத பக்கம் சாய்வார் என்று நினைத்தால் விற்பவர் ஆரம்பத்திலேயே விலகிவிடுவார், 0 கிடைக்கிறதே. கட்டணம் 7 என்றால் கதை முடிந்தது: நடுவரிடம் போனால் −4, சும்மா இருந்தால் −3. "நடுவரிடம் போவேன்" என்ற மிரட்டலுக்கு மதிப்பே இல்லை, வாங்குபவருக்கும் அது தெரியும். விலையை விடக் கட்டணம் அதிகமாக இருக்கும் சின்னச் சின்னப் பரிமாற்றங்களுக்கு, விற்பவரே கட்டணம் கட்டும் இந்த ஏற்பாடு உதவாது என்பது இதிலிருந்து தெரிகிறது. குறியாக்க நிரூபணம் எதிலும் இது வராது.

வெறும் நாஷ் சமநிலையோடு (ஆரம்பத்தில் சொன்ன சமநிலைக்குத்தான் இந்தப் பெயர்) நின்றுவிட்டால் இந்தப் பொய் மிரட்டல்கள் எல்லாம் விடையில் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு உள்-ஆட்டத்திலும் (மரத்தின் ஒரு முனையிலிருந்து தொடங்கும் மிச்ச ஆட்டத்திலும்) நிற்கும் சமநிலையைக் கேளுங்கள்.

7. நடுவர் இல்லாதபோது: குலுக்கல் புரோட்டோகால்கள்

மார்க்கோவிச்சும் ரோகமனும் 1999-ல் கொண்டுவந்த உத்தி இது. அனுப்புபவர் பல சுற்றுகள் அனுப்புகிறார், எந்தச் சுற்றில் உண்மையான பொருள் இருக்கிறது, எவை வெறும் போலி என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் எதிர்ப்பக்கம் கையொப்பமிட்ட ஒப்புகையைத் தர வேண்டும், உண்மையான சுற்றின் ஒப்புகைதான் கடைசியில் சான்று.

நம் எண்களைப் போட்டுப் பாருங்கள், இந்த ஒப்புகையே பணம் தரும் உறுதிமொழி என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சுற்று உண்மையானதாக இருக்கும் நிகழ்தகவு ஒவ்வொரு முறையும் 0.25 என்றால், ஒப்புகை தராமல் நிறுத்தும் வாங்குபவருக்கு எதிர்பார்க்கும் பலன் 10 × 0.25 = 2.5. ஒழுங்காகத் தொடர்ந்தால் 4. ஏமாற்றுவது கட்டுப்படியாகாது. நிகழ்தகவு 0.4-க்குக் கீழே இருக்கும்வரை இது பொருந்தும். ஆனால் முதல் படியில் சொன்ன நியாயக் கேள்வியை வைத்தால், 0.25 என்பது நாலில் ஒரு முறை ஏமாந்துபோகும் ஓட்டை. அதை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க சராசரியாக 1,000 சுற்றுகள் வேண்டும், கேம் தியரிக் கேள்விக்கு சராசரியாக 4 சுற்றுகளே போதும். எந்தக் கேள்வி என்று முதலிலேயே முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்: புரோட்டோகாலின் செலவே 250 மடங்கு மாறுகிறது.

இங்கே காலக்கெடு உயிர்நாடி. வந்தது உண்மையானதா என்று சோதித்துப் பார்க்க எடுக்கும் நேரத்தை விட, ஒப்புகைக்கான கெடு குறைவாக இருக்க வேண்டும். வாங்குபவர் கையில் வேகமான கணினி இருந்து, கெடுவுக்குள் சோதித்துவிட்டார் என்றால், 0.25 என்பது 1 ஆகிவிடும், பலன் 10, எல்லாம் போச்சு. நெட்வொர்க் தாமதத்துக்காகக் கெடுவைத் தாராளமாக நீட்டும்போது இதைத்தான் விட்டுக்கொடுக்கிறோம். இன்னொன்று, சுற்றுகளுக்கு உச்சவரம்பு வைத்து அதை வெளியே சொன்னால், அந்தக் கடைசிச் சுற்று வரை ஆட்டம் போகும்போது அதில் வாங்குபவருக்குச் சந்தேகமே இருக்காது.

"திரும்பத் திரும்ப வியாபாரம் செய்பவர் ஏமாற்ற மாட்டார்" என்று சொல்வோர் உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது: அடுத்த பரிமாற்றத்தின் மதிப்பை இன்றைய மதிப்பில் 0.6 பங்காகவாவது எடைபோடும் வாங்குபவர்தான் 10-ஐ விட்டுவிட்டு 4, 4, 4 என்று வாங்கிக்கொள்வார். புதுக் கணக்கு ஒன்றை இலவசமாகத் தொடங்க முடிகிற இடத்தில் இந்த வாதம் செல்லாது.

8. முடிக்கவும் ரத்து செய்யவும் ஒருவரிடமே அதிகாரம் இருக்கிறதா பாருங்கள்

பலன் கணக்கு சரியாக வந்த பிறகும் இந்தச் சோதனை பாக்கி. அட்டவணையில் ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கேளுங்கள்: இந்த இடத்தில் ஒருவரால் மட்டும் ஒப்பந்தத்தை முடிக்கவும் முடியும், ரத்து செய்யவும் முடியும் என்ற நிலை உண்டா? உண்டு என்றால் அவர் அதைக் காட்டி வேறு ஒருவரிடம் நல்ல விலை பேரம் பேசலாம். நியாயம், காலத்துக்குள் முடிதல், நடுவரைத் தகராறுக்கு மட்டும் நாடுதல் மூன்றும் உள்ள புரோட்டோகால்களில், அவசரப்படாமல் காத்திருந்து ஒத்துழைக்கும் ஆள் ஏதோ ஒரு கட்டத்தில் எதிராளிக்கு இந்த அனுகூலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003-ல் சாதா, மிட்செல், செட்ரோவ், ஷ்மாட்டிகோவ் காட்டினார்கள். அதை ஒழிக்க முடியாது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத்தான் குறைக்கலாம்.

இதைத் துல்லியமாக எழுத ஏ.டி.எல். (Alternating-time Temporal Logic) என்ற, யார் எதை உத்தியால் சாதிக்க முடியும் என்று சொல்லும் தர்க்க மொழி இருக்கிறது. "வாங்குபவரும் தடமும் கூட்டுச் சேர்ந்தாலும், சாவி கிடைத்து, அதன் பிறகு விற்பவருக்குப் பணம் பெற எந்த உத்தியும் மிச்சமில்லாத நிலைக்குக் கொண்டுபோக முடியாது" என்பது போன்ற வாக்கியங்களை அதில் எழுதலாம். கிரெமரும் ராஸ்கினும் 2001-ல் இந்த வழியில்தான் புரோட்டோகால்களைச் சோதித்தார்கள்.

பிளாக்செயின்களுக்கு நடுவே நடக்கும் அணுப் பரிமாற்றத்தில் (atomic swap: ஒரே ரகசியத்தால் திறக்கும் இரண்டு பூட்டுகள் வழியாக, இரண்டு மாற்றமும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது) இந்தச் சிக்கல் அப்படியே கண்முன் தெரியும். ரகசியத்தை வைத்திருப்பவர் தன் சொத்தை 48 மணி நேரத்துக்குப் பூட்டுகிறார், மற்றவர் 24 மணி நேரத்துக்குப் பூட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பூட்டும் விழுந்த பிறகு முதலாமவர் 24 மணி நேரக் கெடு நெருங்கும்வரை விலையைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். சாதகமானால் ரகசியத்தை வெளியிடுவார், பாதகமானால் சும்மா இருந்து பூட்டு அவிழும்வரை காத்திருப்பார். யாரும் எதையும் திருடவில்லை, ஆனால் ஒருவருக்கு இலவசமாக ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்டது. மரத்தில் இது வர வேண்டும் என்றால் விலை மாற்றத்தை இயற்கையின் நகர்வாகப் பூட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். விலை மாறாது என்று வைத்து அலசிய மரம் "எல்லாம் நலம்" என்றுதான் சொல்லும். விலகினால் மற்றவருக்குப் போகும்படி ஒரு முன்பணத்தை முதலாமவர் கட்டுவதுதான் இதற்கு வழக்கமான மருந்து.

9. மென்பொருள், செலவு, நேரம்

ஆட்ட மரங்களின் சமநிலையைக் கண்டுபிடிக்கும் கேம்பிட் இலவசம், பைத்தானிலிருந்தும் ஓட்டலாம், சின்ன மரங்களுக்கு அதுவே போதும். நிகழ்தகவும் பல சுற்றுகளும் இருந்தால் பிரிஸம்-கேம்ஸ், அதுவும் இலவசம், ஜாவா வேண்டும். செய்தியின் ரகசியம், கையொப்பத்தின் உண்மைத்தன்மை பற்றிய சோதனைகளுக்கு புரோவெரிஃப், டாமரின் தனியாக இருக்கின்றன. அவை பலன்களைக் கணக்கிடாது, ஆகவே இதற்கு அவற்றை மாற்றாக நினைக்க வேண்டாம். குறியாக்கக் கட்டுரைகளில் நிறைய இலவச முன்வரைவுகளாகவே கிடைக்கின்றன, பணம் கட்டிப் பதிவிறக்கும் முன் அவற்றைத் தேடுங்கள்.

உண்மையான செலவு நினைவகம்தான். ஒவ்வொரு முனையிலும் 3 தேர்வு, எல்லாமே தொடரக்கூடியவை, 10 நகர்வு என்றால் 59,049 இலைகள் (மரத்தின் முடிவுப் புள்ளிகள்). அதனால் முதல் மரத்தை 4 அல்லது 5 நகர்வுக்குள் அடக்குங்கள். "நிறுத்து" என்பதில் கிளை முடிந்துவிடும்படி எழுதினாலே பெரும்பகுதி காணாமல் போகும்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்தில் சில மாலைகள் ஒதுக்குபவர் ஆவணங்களுக்கும் அட்டவணைக்கும் ஓரிரு வாரம் வைத்துக்கொள்ளலாம். மரமும் கைக்கணக்கும் இன்னொரு வாரம். மென்பொருளுக்கு அதிக நேரம் போகாது, கையில் விடை தெரிந்த மரத்தை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பெரியதற்குப் போனால். மேலே உள்ள சாவி எடுத்துக்காட்டை அப்படியே தட்டச்சு செய்து 0, 0 வருகிறதா என்று பாருங்கள், அதற்கு நல்ல பயிற்சி.

முடிவை எழுதும்போது ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் எல்லையாகச் சொல்லுங்கள்: "கட்டணம் விலையை விடக் குறைவாக இருக்கும்வரை", "நிகழ்தகவு 0.4-க்குக் கீழே இருக்கும்வரை" என்று. கட்டுரையாக அனுப்புவதாக இருந்தால் மரக் கோப்பையும் கையிருப்பு அட்டவணையையும் பின்னிணைப்பில் சேர்த்து, ஒவ்வொரு பலன் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், பரிசீலிப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.